பழைய போர்ஷே பாக்ஸ்டருக்கு ஒரு பட்ஜெட்: இன்ஜின் கோளாறையும் விலையில் சேர்த்துப் போட்ட கணக்கு

அமெரிக்காவின் டெக்சஸில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், பழைய போர்ஷே வாங்குவதற்கென்று 25,000 டாலர் சேர்த்து வைத்திருந்தார். தேடியதில் இரண்டு வண்டிகள் மிஞ்சின. ஒன்று 2002ஆம் ஆண்டின் 911 கரேரா, ஆர்வலர்கள் 996 என்று எண்ணால் அழைக்கும் மாடல். கேட்ட விலை 24,000. இன்னொன்று 2003 பாக்ஸ்டர் எஸ், கூரையை மடக்கித் திறக்கலாம், இன்ஜின் ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால் நடுவில் இருக்கும். 85,000 மைல் ஓடியது, கேட்ட விலை 13,500. கையில் இருக்கும் பணத்துக்கு இரண்டுமே எட்டுகிற மாதிரிதான் தோன்றும். ஆனால் இரண்டிலும் இருப்பது ஒரே குடும்பத்து இன்ஜின், அதன் கோளாறுகள் போர்ஷே வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்தவை. அந்தக் கோளாறுகளுக்கு எப்படி விலை போட்டோம், எந்த வண்டியை எதனால் விட்டோம் என்பதுதான் இந்த ஆய்வு. கீழே வரும் தொகைகள் அவர் ஊரில், அவர் வாங்கியபோது இருந்தவை. இடத்துக்கும் காலத்துக்கும் அவை மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

இந்த இன்ஜின் எப்படி வந்தது

1990களின் தொடக்கத்தில் போர்ஷே நிறுவனம் நஷ்டத்தில் தள்ளாடியது. 1993இல் தலைமைக்கு வந்த வென்டெலின் வீடெகிங், டொயோட்டா முறையில் தேர்ந்த ஜப்பானிய ஆலோசகர்களைத் தொழிற்சாலைக்குள் அழைத்து வந்து செலவைக் குறைத்தார். விலை குறைந்த பாக்ஸ்டரும் புதிய 911உம் முன்பக்கத்து உதிரிகளில் பலவற்றைப் பகிர்ந்துகொண்டன. காற்றால் குளிரும் பழைய இன்ஜின் போய், தண்ணீரால் குளிரும் எம்96 இன்ஜின் வந்தது. பாக்ஸ்டர் 1996இல் வெளிவந்தது, 996 அடுத்த ஆண்டு. நிறுவனம் பிழைத்தது. அதே காலத்து 911 டர்போவுக்கும் ஜிடி3க்கும், போர்ஷே இன்ஜின் வடிவமைப்பாளர் ஹான்ஸ் மெட்ஸ்கர் பெயரால் அறியப்படும் வேறு வகை இன்ஜினைக் கொடுத்தார்கள். அந்த இரண்டிலும் இந்தத் தொல்லை கிடையாது, விலையும் அதற்கேற்ற மாதிரி எங்கோ இருக்கிறது.

எம்96 இன்ஜினில், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு ஒரு செயின் மூலம் இடைத்தண்டு ஒன்றைச் சுழற்றும். அந்த இடைத்தண்டிலிருந்து கிளம்பும் செயின்கள்தான், வால்வுகளைத் திறந்து மூடும் இரு பக்கத்துக் கேம் தண்டுகளையும் ஓட்டுகின்றன. இடைத்தண்டின் ஃப்ளைவீல் பக்கத்து, அதாவது கியர்பாக்ஸ் பக்கத்து, முனையைத் தாங்குவது மூடி முத்திரையிட்ட ஒரு பால் பேரிங். ஐஎம்எஸ் (இடைத்தண்டின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்) பேரிங் என்று உலகம் முழுக்கப் பேசப்படுவது இதுதான். உள்ளே கிரீஸ் வைத்து மூடிவிட்டால் ஆயுள் முழுக்க உழைக்கும் என்பது ஏற்பாடு. நடந்தது வேறு. சூடான இன்ஜின் ஆயில் முத்திரையைத் தாண்டி உள்ளே கசிந்து கிரீஸைக் கழுவிவிடுகிறது. அதன் பிறகு அதே முத்திரை, புது ஆயில் தாராளமாக உள்ளே போகவும் விடுவதில்லை. குண்டுகள் பழைய அழுக்கு ஆயிலில் ஓடித் தேய்கின்றன.

பேரிங் தேய்ந்து உடைந்தால் தண்டு ஆடும், செயின் தளரும், கேம் நேரம் தவறும், வால்வ் போய் பிஸ்டனில் மோதும். அத்தோடு இன்ஜின் முடிந்தது. மோதல் வரை போகாவிட்டாலும் இரும்புத் துகள் ஆயில் வழியாக எல்லா இடத்துக்கும் பரவிவிடும், அதுவும் கிட்டத்தட்ட அதே முடிவுதான். பல வண்டிகளில் இதற்கு முன்னறிவிப்பு எதுவும் இருப்பதில்லை.

எல்லா ஆண்டு வண்டிகளுக்கும் ஒரே ஆபத்து இல்லை. தொடக்க கால வண்டிகளில் இரட்டை வரிசை பேரிங். 2000 வாக்கில் தொடங்கி 2005 வரை ஒற்றை வரிசை பேரிங், பெயர் கெட்டுப்போனது இதனால்தான். அப்புறம் 2008 மாடல் வரை அளவில் பெரிய பேரிங், வலுவானது, ஆனால் இன்ஜினைப் பிளக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. 2009 மாடலில் வந்த புதிய இன்ஜினில் அந்த இடைத்தண்டே இல்லை.

அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கு 2013இல் சமரசத்தில் முடிந்தது. 2001 மே 4 முதல் 2005 பிப்ரவரி 21 வரை தயாரான பாக்ஸ்டர், 911 வண்டிகளுக்கு அது பொருந்தும். வண்டி சாலைக்கு வந்து பத்து ஆண்டுக்குள், 130,000 மைலுக்குள் பேரிங் போயிருந்தால் பழுதுச் செலவில் ஒரு பங்கு திரும்பக் கிடைத்தது. அந்தப் பத்து ஆண்டு இன்று எல்லா வண்டிக்கும் கடந்துவிட்டது. நண்பர் பார்த்த 2003 பாக்ஸ்டர் சரியாக அந்தக் காலகட்டத்து வண்டி. ஆபத்தான பேரிங் அதில் உண்டு, கேட்டு வாங்க இழப்பீடு இல்லை. ஒற்றை வரிசை பேரிங்கில் சுமார் 8 சதவீதமும், இரட்டை வரிசையில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவும் பழுதானதாக அந்த வழக்கை ஒட்டி ஒரு கணக்கு பரவலாகச் சொல்லப்படுகிறது. கையில் வேறு நல்ல எண் இல்லாததால் இதையே வைத்துக்கொண்டோம்.

எல்லாக் கோளாறுக்கும் ஒரே மாதிரி பணம் ஒதுக்கக் கூடாது

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர்கள் வழக்கமாகச் செய்வது, விலைக்கு மேல் இரண்டாயிரமோ மூவாயிரமோ "ரிப்பேருக்கு" என்று ஒதுக்குவது. அந்த ஒற்றைத் தொகை எதற்கும் விடை சொல்லாது என்பது என் உறுதியான கருத்து. இந்த இன்ஜினின் கோளாறுகள் மூன்று விதமானவை, மூன்றுக்கும் பணம் நடந்துகொள்ளும் விதம் வேறு.

ஐஎம்எஸ் பேரிங் முதல் விதம். பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம், ஆனால் முன்கூட்டியே மாற்றிவிடலாம். எல்என் எஞ்சினியரிங் போன்ற நிறுவனங்கள் செராமிக் குண்டு வைத்த மாற்று பேரிங்கும், பால் பேரிங்கே இல்லாமல் அழுத்தத்தோடு ஆயில் பாயும் புஷ் போன்ற மாற்று அமைப்பும் விற்கின்றன. எனவே இதை வண்டி விலையின் ஒரு பகுதியாகவே எழுத வேண்டும். ரசீதோடு மாற்றப்பட்ட வண்டி ஒரு விலை, மாற்றப்படாதது இன்னொரு விலை. "மாத்தியாச்சு, பேப்பர் தொலைஞ்சுபோச்சு" என்றால் மாற்றவில்லை என்றுதான் கணக்கு.

சிலிண்டர் சுவர் கீறல் இரண்டாவது விதம். இந்த இன்ஜின்களின் சிலிண்டர் சுவரில் சிலிக்கான் கலந்த லோகாசில் என்ற பரப்பு உண்டு. அதில் பிஸ்டன் உரசிக் கோடு கோடாகக் கீறல் விழும். பெரும்பாலும் இரண்டாவது வரிசையில், அதிலும் ஆறாவது சிலிண்டரில் முதலில் தெரியும். 3.6, 3.8 லிட்டர் இன்ஜின்களில் இது அதிகம் பேசப்படுகிறது, பாக்ஸ்டர் எஸ்ஸின் 3.2இல் குறைவு. இதை முன்கூட்டியே தடுக்கிற உதிரி எதுவும் கடையில் கிடையாது. வந்துவிட்டால் இன்ஜினைப் பிரித்து, சிலிண்டருக்குள் புது உறை (ஸ்லீவ்) போட்டு, திரும்பக் கட்ட வேண்டும். தேர்ந்த பட்டறைகள் 15,000 டாலரிலிருந்து பேச்சைத் தொடங்குகின்றன, 25,000 வரையும் போகும். ஆனால் வாங்குவதற்கு முன்பே கேமரா விட்டுக் கண்ணால் பார்த்துவிடலாம். ஆகவே இதற்குப் பணம் ஒதுக்க வேண்டியது பரிசோதனைக்கு. கீறல் தெரிந்தால் வண்டி வேண்டாம், அவ்வளவுதான்.

மூன்றாவது விதம் பாக்கி எல்லாமும். வாட்டர் பம்ப், கூலண்ட் டேங்க் விரிசல், ஆயில் ஆவியைப் பிரிக்கும் ஏஓஎஸ் என்ற உதிரி கிழிந்து வெள்ளைப் புகை கக்குவது, இக்னிஷன் காயில் வெடிப்பு, முன்பக்க சஸ்பென்ஷன் கைகள், கூரை மழைநீர் வடியும் துளைகள் அடைபடுவது. எது எப்போது வரும் என்று தெரியாது, ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக வந்தே தீரும். கையிருப்புப் பணம் என்று நாம் பேசுவது இவற்றுக்குத்தான். இன்ஜின் மொத்தமாகப் போவதற்கு அந்தப் பணம் போதாது, போதும் என்று நினைத்து வைக்கவும் கூடாது.

911ஐ விட்டது

நண்பருக்கு ஆசை முழுக்க 996 மேல்தான். 911 என்ற எண்ணுக்கு இருக்கும் இழுப்பு அப்படி. வாங்கும் முன் பரிசோதனைக்கு வண்டியை விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு போர்ஷே பட்டறைக்குக் கொண்டுபோனார். ஸ்பார்க் பிளக் துளை வழியாக மட்டும் கேமரா விட்டால் சிலிண்டரின் அடிப்பகுதி சரியாகத் தெரியாது. ஆயில் தொட்டியைக் கழற்றிக் கீழேயிருந்தும் பார்க்கச் சொல்லியிருந்தார். கூடுதல் பணம்தான், ஆனால் பரிசோதனையின் பயனே அங்குதான் இருக்கிறது. ஆறாவது சிலிண்டரில் மெல்லிய செங்குத்துக் கோடுகள் தெரிந்தன. சைலன்சர் குழாய்களில் ஒன்றில் மட்டும் கரி அதிகம் படிந்திருந்தது, அதுவும் இதோடு ஒத்துப்போனது.

விற்பவர் 3,000 டாலர் குறைப்பதாகச் சொன்னார். நண்பர் தடுமாறினார். இந்த இடத்தில் பட்ஜெட் தாள்தான் கை கொடுத்தது. 21,000 கொடுத்து வாங்கினால் கையில் 4,000 மிஞ்சும். வரவிருக்கும் பழுதுக்குக் குறைந்தது 15,000. இடைவெளியைக் கடன் வாங்கித்தான் நிரப்ப வேண்டும். கீறல் விழுந்த இன்ஜின் இன்னும் இருபதாயிரம் மைல் ஓடலாம், இரண்டாயிரத்தில் நிற்கவும் செய்யலாம். அந்தச் சூதாட்டத்துக்குக் கிடைத்த தள்ளுபடி போதவில்லை. கீறல் இல்லாமலேயே இருந்திருந்தாலும் 24,000 கொடுத்தபின் பேரிங்குக்கும் கிளட்ச்சுக்கும் பணம் இருந்திருக்காது. 25,000 வைத்திருப்பவருக்கு 24,000 டாலர் வண்டி எட்டாத வண்டி. இந்த ரக வண்டிகளில் கையில் இருப்பதில் பாதியளவு விலையுள்ளதுதான் நம் வண்டி என்று நான் இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன்.

பாக்ஸ்டரைப் பார்த்தது

2003 பாக்ஸ்டர் எஸ்: 3.2 லிட்டர், 258 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல். முந்தைய ஆண்டுகளில் பிளாஸ்டிக்காக இருந்த பின் ஜன்னல் அந்த ஆண்டில் கண்ணாடியானது, அதுவே ஒரு செலவு மிச்சம். பேரிங் மாற்றியதற்கு ரசீது இல்லை. கிளட்ச் முதலில் வந்ததேதான்.

பட்டறை மூன்று காரியம் செய்தது. கணினியை இணைத்து இன்ஜின் அதன் எல்லையைத் தாண்டிச் சுழன்ற பதிவுகளைப் படித்தார்கள். ஐந்தாவது கியருக்குப் பதில் மூன்றாவதில் தவறாகப் போட்டு இன்ஜினைக் கதறவிட்ட வண்டியா என்பது இதில் தெரிந்துவிடும். கேம் தண்டுகள் இருக்க வேண்டிய நிலையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்த்தார்கள். இது பிளஸ் மைனஸ் 6 டிகிரிக்குள் இருக்க வேண்டும், அதைவிட முக்கியமாக ஒரே அளவில் நிலைத்து நிற்க வேண்டும். ஆடிக்கொண்டிருந்தால் இடைத்தண்டும் ஆடுகிறது என்று சந்தேகப்படலாம். மூன்றாவதாக ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்த்தார்கள். மினுமினுப்பான உலோகத் துகளோ பேரிங் முத்திரையின் கறுப்பு ரப்பர் துணுக்கோ இல்லை. மூன்றும் நன்றாகவே இருந்தன. கியர்பாக்ஸும் இன்ஜினும் சேரும் இடத்தில் லேசான ஆயில் கசிவு மட்டும். கிராங்க் தண்டின் பின்பக்க சீல் கசிவது இந்த இன்ஜினின் பழைய பழக்கம், அந்த சீலை மாற்றவும் கியர்பாக்ஸைத்தான் இறக்க வேண்டும்.

அந்தக் கசிவையும் பழைய கிளட்ச்சையும் காட்டிப் பேசியதில் விலை 12,000க்கு இறங்கியது.

பேரிங்கை மாற்றுவது லாபமா?

இதைப் பற்றி நாங்கள் நிறைய வாதிட்டோம். கணக்கை நேர்மையாகப் போட்டால் ஒரு சங்கடமான விடை வருகிறது. வண்டி 12,000. இன்ஜின் போனால் ஓடாத வண்டியை உதிரிக்காக வாங்குபவர் 4,000 தருவார் என்று வைத்துக்கொள்ளலாம். நஷ்டம் 8,000. அதில் 8 சதவீதம் என்றால் 640 டாலர். அந்த எண்கூட அதிகமாக இருக்கலாம், 85,000 மைல் தாண்டி நிற்கிற வண்டி ஏற்கெனவே ஒரு பகுதி சோதனையைக் கடந்ததுதானே. பேரிங்கை மட்டும் மாற்ற, கியர்பாக்ஸை இறக்கும் கூலியும் சேர்த்து 3,000 டாலருக்கு மேல். 640 டாலர் ஆபத்துக்கு 3,000 டாலர் தடுப்பு என்பது கணக்கில் நிற்காது.

ஆனால் கிளட்ச்சையும் சீலையும் எப்படியும் மாற்றியாக வேண்டும். கியர்பாக்ஸ் அதற்காகக் கீழே இறங்கிவிட்டது, கூலியும் கொடுத்தாயிற்று. அந்த நிலையில் பேரிங்குக்கான கூடுதல் செலவு சுமார் 1,100தான். அடுத்து, இந்த வண்டியை நாளை விற்கும்போது வாங்க வருபவர் கேட்கும் முதல் கேள்வி பேரிங் மாற்றியாச்சா என்பதுதான். அந்த ரசீது செலவில் பாதிக்கு மேல் மீட்டுத் தரும். இப்போது கணக்கு நிற்கிறது. பயந்து மாற்றுவதற்கும் வேலையோடு வேலையாக மாற்றுவதற்கும் இவ்வளவு வித்தியாசம். கிளட்ச் புதிதாக மாற்றப்பட்ட வண்டியாக இருந்திருந்தால் அப்படியே ஓட்டுங்கள், ஆயிலை மட்டும் கவனியுங்கள் என்றுதான் அவரிடம் சொல்லியிருப்பேன்.

வேலையின் வரிசையும் முக்கியம். முதலில் ஆயில் தொட்டியைக் கழற்றித் துகள் இருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். பேரிங் ஏற்கெனவே சிதையத் தொடங்கியிருந்தால் புது பேரிங் போட்டுப் பயனில்லை, துகள் அதையும் தின்றுவிடும். அப்படி ஏதாவது தெரிந்தால் மேற்கொண்டு ஒரு டாலர்கூடச் செலவழிக்காமல் நிறுத்த வேண்டும் என்று பட்டறையில் முன்னமே எழுதிக் கொடுத்திருந்தார். பழைய பேரிங்கை உருவும்போது கேம் தண்டுகளைப் பூட்டி, செயின் டென்ஷனர்களைத் தளர்த்திச் செய்ய வேண்டும். தப்பினால் செயின் பல் தாண்டிவிடும், தடுக்கப் போன விபத்தை நாமே வரவழைத்த மாதிரி ஆகும். அதனால் மூன்று பட்டறைகளில் விலை கேட்டும், மலிவாகச் சொன்னவரை விட்டு, இதே வேலையை நிறையச் செய்தவரிடம் போனார்.

தாளில் எழுதிய தொகைகள்

வண்டி 12,000. டெக்சஸ் வாகன விற்பனை வரி 6.25 சதவீதம், 750. இரண்டு வண்டிகளுக்குமான பரிசோதனை 900. வாங்காமல் விட்ட 911க்கான பரிசோதனைச் செலவும் இதில் அடக்கம், அதை வீண் என்று நான் எண்ணவே மாட்டேன். பேரிங், கிளட்ச், பின்பக்க சீல், கூலி எல்லாம் சேர்த்து 4,200. ஏஓஎஸ் 550. வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், கூலண்ட் டேங்க் 1,250. முன்பக்க ரேடியேட்டர்களில் சேர்ந்திருந்த சருகைக் கூலண்ட் வேலையோடு சேர்த்தே சுத்தம் செய்துவிட்டார்கள். டயர் நான்கும் 1,000. ட்ரெட் நன்றாக இருந்தாலும் வயதான ரப்பரை இந்த வேகத்துக்கு நம்பக் கூடாது. ஆயில், பிளக், காயில் 600.

கூட்டினால் 21,250. மீதி 3,750, அது வங்கியில் தனிக் கணக்கில் நிற்கிறது.

இன்ஜின் போனால்?

இத்தனை தாள்களையும் விரித்து வைத்து விளக்கிய பிறகு அவர் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எல்லாம் சரி, இன்ஜின் போயிடுச்சுன்னா என்னங்க பண்ணுவீங்க?" அதற்கு நண்பரிடம் பதில் இல்லை. ரிப்பேர் செய்வேன் என்றார், எதை வைத்து என்றதும் பேசாமல் இருந்தார்.

இந்தக் கேள்விக்கான விடை வாங்குவதற்கு முன்பே எழுதப்பட வேண்டும். இன்ஜின் போன அன்று எடுக்கும் முடிவு நல்ல முடிவாக இருக்காது. அதுவரை செலவு செய்ததெல்லாம் கண்முன் நிற்கும், இன்னும் கொஞ்சம் போட்டால் மீட்டுவிடலாம் என்று தோன்றும், 12,000 டாலர் வண்டிக்குள் 18,000 டாலர் இன்ஜின் போய் உட்காரும். அவர்கள் இருவரும் பேசி எடுத்த முடிவு இது: இன்ஜினைத் திறந்து கட்ட வேண்டிய நிலை வந்தால் கட்டுவதில்லை. நல்ல நிலையில் இருக்கும் பழைய இன்ஜின் ஒன்று, ரசீதும் பரிசோதனையும் உத்தரவாதமும் சேர்த்து, கூலியோடு 7,000க்குள் கிடைத்தால் போடலாம். கிடைக்காவிட்டால் வண்டியை இருக்கிற நிலையில் உதிரிக்கு விற்றுவிட வேண்டும். புது டயரும் நல்ல கியர்பாக்ஸும் கூரையும் இருக்கிற உடலுக்கு எப்போதும் ஆள் உண்டு.

இந்த முடிவு நிற்க வேண்டுமானால் வண்டிமேல் கடன் இருக்கக் கூடாது. தவணை பாக்கி இருந்தால் ஓடாத வண்டியை விற்றுவிட்டு ஒதுங்க முடியாது, வண்டி போன பிறகும் தவணை கட்ட வேண்டும். விற்பவர் ஒரு நிதி நிறுவனத்தைக் கைகாட்டினார், வட்டியும் மோசமில்லை. அப்படிக் கடன் வாங்கி 996இன் இன்னொரு வண்டிக்குப் போகலாமா என்ற யோசனையும் ஒரு நாள் வந்து போனது. மொத்தப் பணமும் கொடுத்துப் பாக்ஸ்டரையே எடுத்தார். வழக்கமான வாகனக் காப்பீடு விபத்துக்கும் திருட்டுக்கும்தான், பேரிங் உடைந்ததற்குப் பணம் தராது. நீட்டிப்பு வாரண்டி விற்கிறவர்கள் பேசுவதைக் கேட்டால் எல்லாம் அடக்கம் போலத் தோன்றும். ஒப்பந்தத்தில் எதற்கெல்லாம் பணம் இல்லை என்று எழுதியிருக்கும் பக்கத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும். அவருக்குக் காட்டிய ஒப்பந்தத்தில் ஏற்கெனவே அறியப்பட்ட குறைபாடு விலக்கப்பட்டிருந்தது. அந்தப் பணத்தையும் கையிருப்பிலேயே சேர்த்துக்கொண்டார்.

இப்போது நடப்பது

5,000 மைலுக்கு ஒருமுறை, அவ்வளவு ஓடாவிட்டால் ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறார். தயாரிப்பாளர் சொன்ன இடைவெளி இதைவிட மிக நீளமானது. அதைப் பின்பற்றுவது இந்த இன்ஜினுக்கு நல்லதல்ல என்பதில் போர்ஷே பட்டறைகள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஒவ்வொரு முறையும் பழைய ஃபில்டரை வெட்டிப் பார்க்கிறார், வடிகால் நட்டில் காந்தம் இருக்கிறது, ஆயிலில் கொஞ்சம் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார். வண்டியை வாரக்கணக்கில் மூடி நிறுத்தி வைப்பதில்லை. இன்ஜின் சூடாகும் வரை அழுத்தி ஓட்டுவதில்லை, சூடான பிறகு தயங்குவதும் இல்லை.

மாதம் 150 டாலர் அந்தத் தனிக் கணக்குக்குப் போகிறது. முதல் ஆண்டில் அதிலிருந்து வெளியே போனது முன்பக்க சஸ்பென்ஷன் கைகளுக்கும் ஒரு ஜன்னல் மோட்டாருக்கும். அடுத்து கையிருப்பு 5,000ஐத் தொட்டதும் பின் ஷாக் அப்சார்பர்களை மாற்றலாமா, இல்லை 7,000 ஆகும்வரை தொடாமல் விடலாமா என்று கேட்டிருந்தார். 7,000 வரை காத்திருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். மாற்று இன்ஜினுக்கு அவர்கள் எழுதி வைத்த தொகை அதுதான்.